நகம் இறங்கும் வரை

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

இதை நம் வேன்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் வந்து சேரவில்லை என்று சொல்லிவிடுவீர்கள்.

பாகம் பிரித்து மூன்று வாரம் ஆகிறது. அப்பாவின் நர்சரியில் தண்டு மரமாக முற்றிய செடியெல்லாம் உங்களுக்கு, தண்டு மெத்தென்று இருக்கும் செடியெல்லாம் எனக்கு என்று சித்தப்பா முடிவு சொன்னார். எது முற்றியது, எது மெத்தென்று இருக்கிறது என்பதை யார் சொல்வது என்று நான் கேட்டேன். நீங்கள்தான் வழி காட்டினீர்கள். "கட்டைவிரல் நகத்தை வெச்சு அழுத்திப் பாருங்க சித்தப்பா. இறங்கினா அவளுக்கு, இறங்கலேன்னா எனக்கு." சித்தப்பா அன்று பகல் முழுக்க நகமும் கையுமாக அலைந்தார். வாழையைக்கூட விடவில்லை. "ஊரே அதை மரம்னு சொல்லுதே" என்று நான் சிரித்தேன். "ஊரா பாகம் பிரிக்குது? நகம் உள்ள போச்சு, உனக்கு" என்றார். சாயங்காலம் அவர் விரல் நுனி பச்சையாகிக் கிடந்தது.

கடைசியில் பின்வரிசைக்கு வந்து என் புகைப்பூச் செடியை அழுத்தினார். நகம் இறங்கவில்லை.

அந்தச் செடிக்குப் பன்னிரண்டு வருடம் கொடுத்திருக்கிறேன். அதை உண்டாக்கக் காலையில் தூரிகையும் கையுமாகத் தாய்ச்செடிகளில் பூவுக்குப் பூ மகரந்தம் தடவுவேன். நீங்களும் அப்பாவும் "பொம்மை வெச்சு விளையாடுறா" என்று சிரிப்பீர்கள். போன வருடம் அது முதன்முதலாகப் பூத்தது. சாம்பல் கலந்த ஊதா, ஓரத்தில் மட்டும் செங்கல் நிறம். பூங்கா வேலை எடுக்கும் அந்த ஒப்பந்தக்காரர் அதன் முன்னால் வாயடைத்து நின்றார். அன்றோடு உங்கள் சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகுதான் உங்களுக்கு நகம் ஞாபகம் வந்திருக்கிறது.

சரி, நானும்தான் கையெழுத்துப் போட்டேன். அந்தக் காகிதத்தை மூன்று வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். "நகம் இறங்கும் தண்டெல்லாம் எந்நாளும் இளையவளைச் சேரும்" என்று சித்தப்பா எழுதியிருக்கிறார். யாருடைய செடியில் என்று எழுதவில்லை. உங்கள் ரோஜாவிலும் எலுமிச்சையிலும் மாதுளையிலும் புதிதாக வரும் தளிரில் நகம் நன்றாக இறங்கும். இனி மாதத்தின் முதல் திங்கட்கிழமை வந்து என் பங்கை வெட்டி எடுத்துக்கொள்வேன். சித்தப்பாவிடம் கேட்டுவிட்டேன். தலையைச் சொறிந்தார், மறுக்கவில்லை.

இளையவள்


மார்ச் 9

சின்னவளுக்கு,

நீங்களா? உனக்குப் பல் தேய்த்துவிட்டுப் பின்னல் போட்டு அனுப்பியவளுக்கு இந்த மரியாதை எதற்கு? நெஞ்சில் கத்தியை வைத்துக்கொண்டு வாயில் 'நீங்கள்' வேண்டாம்.

திங்கட்கிழமை உன் அத்தானைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். அது தெரிந்தேதான் வந்திருக்கிறாய். பேக்கிங் செய்யும் அம்மா போன் செய்தாள். "உங்க தங்கச்சி கத்தரியோட வந்திருக்காங்க. ஏதோ காகிதத்தைக் காட்டுறாங்க. நான் என்னம்மா செய்யட்டும்?" நான் வந்து பார்த்தபோது நானூறு ரோஜாத் தொட்டியும் மொட்டை. இந்தப் பருவத்துக்கு இனி ஒரு பூ கிடையாது. எலுமிச்சைக் கன்றெல்லாம் கோழி கொத்திய மாதிரி நிற்கிறது. பேக்கிங் அம்மா உன்னைப் பற்றிப் பெருமையாக வேறு சொல்கிறாள். "ஒவ்வொண்ணையும் நகத்தால அழுத்திப் பாத்துட்டுத்தான் வெட்டினாங்கம்மா. தப்பா ஒண்ணுகூட எடுக்கல." அவளுக்கு இந்த மாதம் சம்பளம் யார் கொடுப்பது, நீயா?

புகைப்பூச் செடியில் இருந்த தளிர் அத்தனையும் போயிற்று. பெற்ற பிள்ளை என்று சொல்லிக்கொள்கிறாய். பெற்றவள் இப்படி முடியைப் பிடித்து இழுப்பாளா?

ஆனால் ஒன்றை மறந்துவிட்டாய். காகிதத்தில் அடுத்த வரியும் இருக்கிறது. நகம் இறங்காதது எந்நாளும் மூத்தவளைச் சேரும். உன் ஷெட்டில் வரிசையாக வைத்திருக்கிறாயே ஜெரேனியம், நீ குச்சி வெட்டி வெட்டிப் பெருக்கும் தாய்ச்செடிகள், அவற்றுக்கெல்லாம் வயது ஆறு ஏழு இருக்கும். கீழே அடித்தண்டைத் தொட்டுப் பார். கட்டையாகி வருடக்கணக்காகிறது. சாமந்தியிலும் பழைய தூரெல்லாம் அப்படித்தான். மெத்தென்று பிறந்ததெல்லாம் மெத்தென்றே இருந்துவிடும் என்று நினைத்தாயா? வெள்ளிக்கிழமை வருகிறேன். எனக்கும் நகம் இருக்கிறது.

அக்கா


ஜூலை 3

அக்காவுக்கு,

நீங்கள் வந்து போன பிறகு நாற்பத்து மூன்று ஜெரேனியம் தாய்ச்செடிகள் இல்லை. சாமந்தித் தூர் ஒன்றுகூட இல்லை. குச்சி வெட்ட அடுத்த பருவத்துக்கு என்னிடம் எதுவும் இல்லை. நீங்கள் அவற்றை நட்டு வளர்த்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். வேனின் பின்னால் போட்டு வெயிலில் காயவிட்டீர்கள் என்று வேன்காரர் சொன்னார். அந்த மனிதர் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் ஐந்து திங்கட்கிழமைகள் வந்தேன். ஐந்து முறையும் புகைப்பூச் செடியில்தான் தொடங்கினேன். நீங்கள் அதற்குக் கூண்டு போட்டீர்கள், நான் சித்தப்பாவை அழைத்து வந்தேன், கூண்டைத் திறந்தீர்கள். அந்தத் தளிர்களை நான் தூக்கிப் போடவில்லை. மணலில் குத்தி, ஈரத்துணியை மேலே கட்டி, வேர் பிடிக்க வைத்தேன். இன்றைக்கு என்னிடம் அறுபத்தொன்று நிற்கின்றன. உங்களிடம் இலையில்லாத ஒரு கட்டை இருக்கிறது. காகிதப்படி அந்தக் கட்டை உங்களுக்கே, யாரும் கேட்கப் போவதில்லை.

இளையவள்


ஜூலை 21

சின்னவளுக்கு,

உனக்கு நல்ல செய்தி. கட்டையும் போய்விட்டது. பத்து நாளாக விடாத மழை. குடிக்க இலை இல்லாத செடி எத்தனை தண்ணீரைத்தான் வேரில் தாங்கும்? இன்று காலை அசைத்துப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது. வேரெல்லாம் நனைந்த நூல் மாதிரி. நாற்றம் எடுத்தது.

அதைக் கொன்றது நீ. நான் யாரிடம் வேண்டுமானாலும் இதைச் சொல்வேன்.

எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை. அறுபத்தொன்றையும் நன்றாக வளர். உரம் போடு, வெயில் காட்டு. அக்டோபரில் தண்டு பழுப்பாகும், நவம்பரில் நகம் வழுக்கும். அன்றைக்கு இரண்டு வேன் எடுத்துக்கொண்டு வருகிறேன். நீ வளர்க்க வளர்க்க அது எனக்குத்தான் வளர்கிறது. இதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு ருசிக்கிறது, தூக்கம் வருகிறது.

அக்கா


ஆகஸ்ட் 2

அக்காவுக்கு,

வேன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவை முற்றப் போவதில்லை.

தினமும் காலையில் டீ போடும் முன் ஷெட்டுக்குப் போகிறேன். எந்தத் தண்டில் பழுப்பு தட்டுகிறதோ அதன் பச்சை நுனியை வெட்டி மறுபடி மணலில் குத்துகிறேன், அடியைக் குழியில் போடுகிறேன். நுனி வேர் பிடிக்கும், வளரும், பழுப்பு தட்டும், மறுபடி வெட்டுவேன். அறுபத்தொன்றும் எப்போதும் நான்கு மாதக் குழந்தையாகவே இருக்கும். நவம்பரில் வாருங்கள், அடுத்த நவம்பரிலும் வாருங்கள், சித்தப்பாவையும் கூட்டி வாருங்கள்.

இந்தச் செடி முற்றிய தண்டில் மட்டும்தான் பூக்கும். அது எனக்குத் தெரியாதா? நானே உண்டாக்கின செடி. என் கையில் இருக்கும் வரை ஒரு பூ பார்க்க மாட்டேன். வேண்டாம். நீங்களும் பார்க்க மாட்டீர்கள் என்பதே எனக்குப் பூத்த மாதிரி இருக்கிறது.

இளையவள்


நவம்பர் 17

சின்னவளுக்கு,

வெள்ளிக்கிழமை வந்தேன், நீயும் பார்த்தாய். அறுபத்தொன்றிலும் சித்தப்பா நகம் இறங்கியது. அவர் ஒவ்வொன்றையும் அழுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திரும்பும் வழியில் வேனில், "போதும்மா, எனக்கு விரல் வலிக்குது" என்றார். 

உன் ஷெட்டைப் பார்த்தேன். மணல் பெட்டி, ஈரத்துணி, மூலையில் பாய். அங்கேயே தூங்குகிறாய் என்று தெரிந்தது. நீ மெலிந்திருக்கிறாய். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன், வீட்டுக்கு வந்து அந்தச் சந்தோஷம் தங்கவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நகத்தை நான் சும்மா சொல்லவில்லை. அந்தச் செடி என் பக்கம் வர வேண்டும் என்பதற்காகவே சொன்னேன். இருபத்தைந்து வருடம் ஒட்டுக் கட்டியிருக்கிறேன், ஒரு லாரி எலுமிச்சையை என் கை வளர்த்திருக்கிறது, யாரும் என் செடியின் முன்னால் அப்படி வாயடைத்து நின்றதில்லை. நீ நின்ற இடத்தில் நான் ஒரு நாள் நிற்க ஆசைப்பட்டேன். பொறாமைதான். வேறு பெயர் இல்லை.

ஏப்ரலில் செடி வளர்ப்போர் சங்கம் கண்காட்சி வைக்கிறது. புதுச் செடிகளைப் பார்த்துப் பதிவு செய்ய மூன்று நடுவர்கள் வருகிறார்கள். ஒரே ஒரு செடியை முற்றவிட்டு எனக்கு அனுப்பு. மீதி அறுபதும் உன்னுடையது, முற்றினாலும் உன்னுடையது, சித்தப்பாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ கண்காட்சிக்கு வர மாட்டாய், வந்தால் நான் போக மாட்டேன், அதனால்தான் எனக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கிறேன். அது ஒரு தடவை எல்லோர் கண்ணிலும் படட்டும்.

அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சித்தப்பாவும் காகிதத்தைக் காட்டினார். மிக்க நன்றி.

கேட்டபடி ஒன்றை மட்டும் முற்றவிட்டேன். வேன்காரரிடம் ஏற்றியிருக்கிறேன். தண்டு நன்றாகக் கட்டையாகிவிட்டது, மொட்டுக்கட்டும் நேரம். ஆட்டத்தில் உடையாமல் இருக்க அடித்தண்டைச் சாக்குத்துணியால் சுற்றிச் சணல் கட்டியிருக்கிறேன். கண்காட்சி முடியும் வரை அதை அவிழ்க்க வேண்டாம்.

மீதி அறுபதையும் நேற்று பிடுங்கி எருக்குழியில் போட்டேன். மெத்தென்ற தண்டு, சீக்கிரம் மக்கிவிடும். என்னால் இனி தினமும் அவற்றோடு மல்லுக்கட்ட முடியாது. ஆகவே இருக்கும் ஒரே செடி உங்களிடம்தான். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இளையவள்


மார்ச் 1

சின்னவளுக்கு,

செடி வந்து சேர்ந்தது. அறுபதையும் குழியில் போட்டாய் என்பதை வேன்காரர் சொல்லியும் நம்பவில்லை, பேக்கிங் அம்மாவை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னேன். உண்மைதான் என்றாள்.

இதற்கு ஏதாவது தனிக் கவனிப்பு வேண்டுமா? நான் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவாக இருந்தாலும் உடனே எழுது. வேன் வியாழக்கிழமை உன் பக்கம் வரும், பதிலை வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா


மார்ச் 4

அக்காவுக்கு,

வேண்டாம். தண்ணீர் மட்டும் போதும்.

இளையவள்


ஏப்ரல் 14

சின்னவளுக்கு,

கண்காட்சி நேற்று முடிந்தது. முப்பத்தெட்டுப் பூ. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இலை தெரியாத அளவுக்குப் பூத்தது. ஒரு தொட்டிச் செடியில் இத்தனை பூவை நடுவர்கள் யாரும் பார்த்ததில்லையாம். அவர்களில் வயதானவர் நாற்காலி கேட்டு வாங்கி அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். "இது யார் உண்டாக்கினது?" என்று கேட்டார்.

அட்டையைக் காட்டினேன். உருவாக்கியவர் என்ற இடத்தில் உன் பெயரைத்தான் எழுதியிருந்தேன். அப்பா பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை, நர்சரி பெயரும் இல்லை. "என் தங்கச்சி. பன்னெண்டு வருஷம்" என்றேன். சங்கத்தின் செய்தித்தாளில் உன் பெயரோடு படம் வருகிறது. ஜூனில் நடுவர்கள் திரும்ப வந்து, செடி நிலையாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்வார்கள். அதுவரை செடி உயிரோடு இருக்க வேண்டும், இல்லையென்றால் பூத்து ஓய்ந்த போலிச் செடி என்று எழுதிவிடுவார்களாம்.

அடி இலைகள் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிகின்றன. நீதான் சொல்ல வேண்டும்.

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

சாக்குத்துணியை இப்போதே அவிழ். கீழே தண்டைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை இருக்காது. நான்தான் உரித்தேன். அனுப்புவதற்கு முதல் நாள் ஒட்டுக்கத்தியால் வளையம் போட்டு உரித்து, சுரண்டி, துணியைச் சுற்றினேன். இலையின் சத்து வேருக்கு இறங்காமல் மேலேயே நிற்கும், அதனால்தான் அப்படிப் பூத்தது. வேர் பட்டினியில் கிடக்கிறது.

உன் பெயரைத்தான் போடுவாய் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். உன் பெயரில் பூத்து, எல்லோரும் கைதட்டி, பிறகு உன் கண் முன்னால் காய வேண்டும் என்று செய்தேன். அறுபதையும் பிடுங்கியது உனக்கு வேறு ஒன்று கிடைக்கக் கூடாது என்பதற்காக.

பாலம் கட்டு. மேலே முற்றிய குச்சி மூன்று நான்கு வெட்டி, இரண்டு முனையையும் சீவி, வளையத்துக்குக் கீழே ஒரு முனை, மேலே ஒரு முனை, பட்டைக்குள் சொருகி இறுக்கிக் கட்டு. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பூவையெல்லாம் கிள்ளிவிடு. நுனியில் தளிர் இருந்தால் வெட்டி மணலில் குத்து. நான் நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். நான் வரும் வரை காத்திருக்காதே. அக்கா, தயவுசெய்து.


ஏப்ரல் 27

சின்னவளுக்கு,

துணியை நான் பிப்ரவரியிலேயே அவிழ்த்தேன். வேனில் இருந்து இறக்கிய அரைமணி நேரத்தில். காய்க்காத எலுமிச்சைக்கெல்லாம் பட்டை உரித்துப் பூக்கவைத்து வயிறு வளர்த்தவள் நான். என்னிடமே சணல் முடிச்சா? எலுமிச்சைக்கு நாம் ஓரத்தில் ஒரு விரல் அகலம் பட்டையை விட்டுவைப்போம், வேருக்குச் சோறு போக. நீ அதையும் விடவில்லை. அவ்வளவு ஒழுங்காக உரித்திருந்தாய்.

அன்று கத்தியைத் தீட்டி மேசையில் வைத்தேன். பாலம் கட்டினால் பிழைக்கும். கட்டும் முன் உனக்கு நாலு வரி எழுதினேன். தனிக் கவனிப்பு வேண்டுமா என்று கேட்டேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால், ஏன் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டேன். வியாழக்கிழமை வாசல் கேட்டருகில் நின்று வேனுக்குக் காத்திருந்தேன். தண்ணீர் போதும் என்று எழுதியிருந்தாய்.

கத்தியைக் கழுவி உள்ளே வைத்தேன். சாக்குத்துணியை நீ கட்டிய மாதிரியே திரும்பக் கட்டினேன். என் பெயரில் சாகட்டும் என்று நீ அனுப்பினாய். உன் பெயரில் சாகட்டும் என்று நான் அட்டை எழுதினேன். அந்த வயதானவர் கேட்டபோது என் தங்கச்சி என்று பெருமையோடுதான் சொன்னேன். அது நடிப்பு இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு உன் கடிதம் வந்தது. என் பெயரில் என்று நினைத்த ஏழு வாரம் உனக்குத் தூக்கம் வந்திருக்கிறது. உன் பெயரில் என்று தெரிந்த மறுநாள் தயவுசெய்து என்று எழுதுகிறாய். அதைப் படித்தும் நான் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினேன், ஏன் என்று எனக்கே தெரியவில்லை. வளையத்துக்குக் கீழே பட்டையைக் கீறினேன். பச்சை இல்லை. பழுப்பு. இருந்தும் நான்கு பாலம் கட்டினேன். நுனியில் தளிர் ஒன்றுகூட இல்லை, இருந்த சத்தையெல்லாம் பூவில் கொட்டிவிட்டது. பாலம் ஒன்றும் பிடிக்கவில்லை. நேற்று கடைசி இலையும் விழுந்தது.

பதினேழாம் தேதி நீ வந்து கேட்டில் பகல் முழுக்க நின்றது தெரியும். திறக்க வேண்டாம் என்று பேக்கிங் அம்மாவிடம் சொன்னது நான்தான். அவள் உனக்குத் தண்ணீர் கொடுத்தாளாம், நீ வாங்கவில்லையாம். உள்ளே விட்டிருந்தால் அந்தச் செடிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து நாம் சேர்ந்து அழுதிருப்போம். அழுதுவிட்டு உனக்கு மனம் லேசாகியிருக்கும். அதை உனக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் தனியாகத்தான் அழுதேன்.

ஜூன் மூன்றாம் தேதி நடுவர்கள் வருகிறார்கள். வர வேண்டாம் என்று நான் எழுத மாட்டேன், எனக்கு அந்த உரிமை இல்லை. செடி உன் பெயரில் இருக்கிறது, நீயே எழுதிவிடு.

அக்கா